கூரைக்கு வெளியே ஒரு புள்ளி

கணவர் இறந்த பிறகு அவள் ஆபீசுக்குத் திரும்பிய அன்று, எல்லோரும் அவரவர் திரையில் மூழ்கியிருப்பதுபோல் பாவனை செய்தார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த மரியாதை. அவளும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியை யாரோ கூட்டம் நடக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தரைவிரிப்பில் அதன் சக்கரங்கள் அழுத்திய பள்ளங்கள் மட்டும் இருந்தன.

பல வருடங்கள் கணவரும் அவளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில்தான் வேலை பார்த்தார்கள். அவர் கூரைக்கு உருவம் கொடுப்பார். அவள் அந்த உருவத்தைத் தகடு தகடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எது எவ்வளவு வளைய வேண்டும் என்று குறித்துப் பட்டறைக்கு அனுப்புவாள். "நான் தைக்கிறதை எல்லாம் இவ பிரிச்சுப் போட்டுடுறா" என்று அவர் மற்றவர்களிடம் புகார் சொல்வார். "பிரிக்கலைன்னா உங்க கூரை கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்" என்பாள் இவள். ஆபீசில் அவருக்கு 'வளைவு' என்று பட்டப்பெயர். நேராக ஒரு சுவர் வரையச் சொன்னால் முகம் கோணிப்போகும்.

அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஒரு பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடம். அதன் உலோகக் கூரையில் ஒரு தகடுபோல் இன்னொன்று இருக்காது. அத்தனையையும் யாரும் கையால் வரைவதில்லை. கணினியில் ஒரு விதியைக் கட்டிவைப்பார்கள். உயரத்துக்கு ஒரு எண், அகலத்துக்கு ஒரு எண், வரிசைகளுக்கு ஒன்று. ஏதாவது ஒன்றை மாற்றினால் போதும், மொத்தக் கூரையும் மூச்சு வாங்கியதுபோல் அசைந்து புது வடிவத்தில் வந்து உட்காரும்.

அந்த விதிக்குள் ஒரு புள்ளியும் இருந்தது. கூரைக்கு வெளியே, தரை மட்டத்தில், எதோடும் ஒட்டாமல் தனியாக. புள்ளிக்கு அருகில் இருக்கும் தகடு நன்றாகப் புடைக்கும். தள்ளிப்போகப் போகத் தகடுகள் தட்டையாகிக்கொண்டே வரும். கூரைக்கு ஒரு பக்கம் மட்டும் காற்று நிறைந்த கப்பல் பாய்போல ஒரு திமிர் இருந்ததென்றால் அது இந்தப் புள்ளியால்தான்.

அதில்தான் வில்லங்கம் வந்தது.

"அக்கா, ஒரு விஷயம்" என்று தொடங்கினான் பொறியாளன். அவளைவிட வயதில் சின்னவன். கெட்ட செய்தி என்றால் தலையைச் சொறிந்துகொண்டே வருவான். "பழைய பட்டறை கைவிரிச்சுட்டாங்க. புதுப் பட்டறையோட மெஷின் இந்த அளவுக்கு வளைக்காதாம்."

திரையில், வளைக்க முடியாத தகடுகளைச் சிவப்பாகக் காட்டினான். புடைப்பு முழுக்கச் சிவந்திருந்தது.

"புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வெச்சா சரியாயிடும்க்கா. ரெண்டு மீட்டர் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்."

"அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா. சார் யார்கிட்ட சொன்னாரு?"

யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்தான். அவருடைய விதியில் மற்ற ஒவ்வொன்றுக்கும் அவளால் காரணம் சொல்ல முடிந்தது. வரிசைகளின் எண்ணிக்கை மழைநீர் வடிவதற்காக, உயரம் பேருந்துகளுக்காக. புள்ளி மட்டும் விளங்கவில்லை. "தெரியாம நகர்த்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். அண்ணன் போனதிலிருந்து தினமும் அழைப்பாள். வேறு பேச்சு இல்லாததால் இவள் புள்ளியைப் பற்றிச் சொன்னாள்.

"அண்ணன் காரணமில்லாம சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாரு அண்ணி. அந்த இடத்துல ஏதோ இருக்கு. நேர்ல போய்ப் பாருங்களேன்."

"என்ன இருக்கப் போகுது? வெறும் மண்ணு."

"உங்களுக்காகவே ஏதாவது வெச்சிருந்தா?"

இவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. படுக்கையில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படியே ஒதுங்கிப் படுத்தபடி, அவர் அந்த இடத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பதுபோல் நினைத்துப் பார்த்தாள். பிறகு, தன்னை அங்கே நிறுத்திக் காட்ட நினைத்திருப்பாரோ என்றும்.

மறுநாள் காலை கட்டுமான இடத்துக்குப் போனாள். கூடத்தின் எஃகுச் சட்டங்கள் மட்டும் எழுந்திருந்தன. தளத்தின் மேற்பார்வையாளர் ஒரு முக்காலியில் அளவுக் கருவியைப் பொருத்தி, புள்ளி இருக்கும் இடத்துக்கு அவள் சொன்ன எண்களைத் தட்டினார்.

"கொஞ்சம் முன்னாடி போங்க மேடம். இன்னும். இடது பக்கம். போதும் போதும், நில்லுங்க." கருவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அவர் ஒரு மாதிரி நெளிந்தார். "இன்னும் ஒரு அடி போகணும். ஆனா போக முடியாது."

அவள் எதிரே தகரக் கதவு ஒன்று இருந்தது. வேலையாட்களுக்காகத் தற்காலிகமாக வைத்த கழிப்பறை.

"உள்ளே ஆள் இருக்கு" என்றார் மெதுவாக.

காத்திருந்தார்கள். கதவு திறந்தது. வெல்டர் ஒருவர் வெளியே வந்தார். தலைக்கவசமும் கையில் தாளுமாக ஒரு பெண்மணி, பின்னால் முக்காலியோடு மேற்பார்வையாளர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யோவ், இதுக்குமா அளவு எடுக்கிறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ வாரங்களாக அடைத்துக்கிடந்த சிரிப்பு. இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேற்பார்வையாளர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் சிரித்துவைத்தார்.

"இது எப்ப வெச்சது?"

"போன மாசம் மேடம். அதுக்கு முன்னாடி இங்கே ஒண்ணுமே கிடையாது. வெறும் பள்ளம்."

"சார் எப்பவாவது இங்கே வந்து நின்னிருக்காரா?"

"சாரா? அவர் வந்தா அந்த கன்டெய்னர் நிழலோட சரி. ஷூல மண்ணு ஒட்டிடக் கூடாது அவருக்கு. அங்கிருந்தே கையை நீட்டி நீட்டிப் பேசுவாரு."

அது அவர்தான். சந்தேகமே இல்லை. இருந்தாலும் வந்ததற்கு ஒருமுறை என்று, கழிப்பறையை ஒட்டி நின்று கூரை வரப்போகும் திசையைப் பார்த்தாள். பாதியை வேலித் தகரம் மறைத்தது. மீதியில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அங்கிருந்து பார்க்க ஒன்றுமில்லை. யாரும் யாருக்காகவும் அங்கே எதையும் வைத்திருக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்ன நடந்திருக்கும் என்று இப்போது புரிந்தது. ஒரு மத்தியானம், அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்தப் புள்ளியை இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்திருப்பார். கூரை ஒரு இடத்தில் அவருக்குப் பிடித்ததுபோல் புடைத்திருக்கும். விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அவளும் கூடப் போயிருப்பாள். அந்த நாள் அவளுக்கு நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளும்படி அதில் எதுவும் நடந்திருக்காது.

ஆபீசில் கோப்பைத் திறந்தாள். பொறியாளன் பின்னால் வந்து நின்றான். அவன் சொன்னபடியே புள்ளியை நேராகப் பின்னுக்கு இழுத்தாள். சிவப்பு மறைந்தது, கூடவே புடைப்பும் அமுங்கிப்போனது.

"பச்சை ஆயிடுச்சே, போதும்க்கா."

"சாப்பாட்டுத் தட்டைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. இரு."

புள்ளியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். புடைப்பு ஓரிடத்தில் குவியாமல் நீளவாக்கில் பரவியது. சிவப்பு ஒவ்வொரு தகடாக விலகி, மூலையில் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றது. இன்னும் சற்று நகர்த்தினாள். அதுவும் பச்சையானது. கூரையின் திமிர் குறையவில்லை.

"சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் பட்டறைக்குப் போன் செய்யப் போனான்.

அவள் ஒரு விசையைத் தட்டினாள். புள்ளி பழைய இடத்துக்குப் போனது. மறுபடி தட்டினாள், புதிய இடத்துக்கு வந்தது. நிறங்களை அணைத்துவிட்டு இப்படியே போய் வந்துகொண்டிருந்தாள். சாம்பல் நிறத்தில் இரண்டு கூரைகளும் அழகாகத்தான் இருந்தன. கொஞ்ச நேரத்தில் எது அவருடையது, எது தன்னுடையது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. நிறங்களை மறுபடி போட்டாள். பச்சை. தகடுகளைப் பிரித்து, எண் போட்டு, அனுப்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது நாத்தனார் அழைத்தாள்.

"போனீங்களா அண்ணி? என்ன இருந்துச்சு?"

"கக்கூஸ்."

நாத்தனார் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நாத்தனாரின் சிரிப்பு மட்டும் பாதியில் உடைந்து அழுகையானது. அவள் அழுது முடிக்கட்டும் என்று இவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப அந்தப் புள்ளியை எடுத்துட்டீங்களா?"

"எடுக்கலம்மா. நகர்த்தி வெச்சேன்."

"எங்கே?"

அவள் சொல்லத் தொடங்கினாள். பின்னால் இழுத்தால் ஏன் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் போனால் ஏன் பரவும், மூலைத் தகடு எப்படி அடம்பிடித்தது என்று. நாத்தனாருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. "ம்" என்றாள், "சரி" என்றாள், "அப்புறம்?" என்றாள். இவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று, கிளம்பிப் போனது. இவள் மூலைத் தகட்டை இன்னொரு முறை, நிதானமாக, முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தாள்.