காற்று வாங்கும் கார்

என் கார் தினமும் சாயங்காலம் காற்று வாங்கப் போய்விடும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயதாகிவிட்டால் வண்டிக்கும் நாலு இடம் போய்வரத் தோன்றும். எதிர்வீட்டு வேன் கோயில் குளம் என்று சுற்றிவிட்டு நெற்றியில் விபூதியோடு திரும்பும். என் வருத்தமெல்லாம், சொல்லாமல் போகிறதே என்பதுதான். கல்யாணமான வருடம் வாங்கிய வண்டி. இன்றுவரை வேறு யார் கையிலும் சாவியைக் கொடுத்ததில்லை. ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

போய்வந்த வண்டி மறுநாள் ஒழுங்காக ஓடினாலாவது பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகும். பிறகு நின்ற இடத்திலேயே எஞ்சின் தானாக உறுமும், தானாக அடங்கும். கேட்டைத் திறக்க நான் இறங்கினால் அணைந்துவிடும். பானெட்டுக்குள்ளிருந்து ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் வேறு. வெள்ளிக்கிழமை எஃப்.சி. இருந்தது. பழைய வண்டி இன்னும் ரோட்டில் ஓடலாமா என்று ஆய்வாளர் பார்த்துச் சொல்வார். அதில் தேறாவிட்டால் நேராகக் காயலான் கடைதான். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி வாசுகியும்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் ஷெட் வைத்திருக்கும் பக்கிரிசாமியிடம் கொண்டுபோனேன். பக்கிரிசாமி மெக்கானிக்தான், ஆனால் நடையெல்லாம் பெரிய டாக்டர் நடை. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினில் அங்கும் இங்கும் காட்டிக் கண்ணை மூடிக் கேட்டார்.

“வண்டி எங்கியோ காத்து வாங்குது சார்.”

“அது தெரியும். எங்கேன்னுதான் தெரியலை.”

கார்புரேட்டர் வழியாக வருகிற காற்றுதான் எஞ்சினுக்குக் கணக்கு, கொல்லைப்புறமாக நுழைகிற காற்று குடும்பத்தைக் கெடுத்துவிடும் என்று அவர் விளக்கினார். பிறகு சோதனையைத் தொடங்கினார். ஒவ்வொரு குழாயாகப் பிளையரால் நெரித்துப் பார்த்தார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஓட்டை இருந்தால் நுரையை உள்ளே இழுக்குமாம். கார்புரேட்டர் கழுவுகிற ஸ்ப்ரேயைச் சுற்றிலும் அடித்தார். ஓட்டை வழியாக அது உள்ளே போனால் எஞ்சின் சத்தம் ஏறுமாம். ஏறவில்லை. டிரைவர் சீட்டில் என்னை வைத்துக்கொண்டு ஷெட்டில் வண்டி பரம சாதுவாக நின்றது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற ரகம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

காற்று வாங்குகிற இடத்துக்கே போய்ப் பார்த்தால்தான் பிடிபடும் என்றார் பக்கிரிசாமி. இடம் எது என்பதில் சந்தேகமில்லை. டயரில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. இடதுபக்க சீட்டில் பட்டாணிச் சுண்டலும் மாங்காய்த் துருவலும் சிந்திக் கிடந்தன. என் வண்டி காரம் சாப்பிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பெட்ரோல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம், வண்டிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று, வழக்கம்போல டிவி விவாதத்தின் முன்னால் உட்கார்ந்தேன். வாசுகி “போய்ட்டு வரேங்க” என்றாள். “ம்” என்றேன். அவள் தினமும் சொல்வதுதான், நானும் தினமும் சொல்வதுதான். சற்று நேரத்தில் கேட் கிறீச்சிட்டது. வண்டி போய்விட்டது. தெருமுனையில் காத்திருந்த பக்கிரிசாமியின் மொபெட்டில் சோப்பு நுரை வாளியோடு ஏறிக்கொண்டேன்.

தேவனாம்பட்டினத்தில் மணல் தொடங்குகிற இடத்தில், எஞ்சினை அணைக்காமல், கடலைப் பார்த்து நின்றது என் கார். பானெட்டை நன்றாகத் திறந்து வைத்திருந்தது. இடதுபக்க சீட்டில் வாசுகி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பக்கிரிசாமியிடம் பொட்டலத்தை நீட்டினாள். என்னிடம் நீட்டவில்லை.

சுண்டலை மென்றபடியே பக்கிரிசாமி வேலையில் இறங்கினார். குழாய்களில் ஒன்றுமில்லை. கார்புரேட்டரின் அடியில் ஒன்றுமில்லை. கடைசியில் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஸ்ப்ரே அடித்தார். எஞ்சின் ‘விர்’ரென்று ஏறியது. சீட்டில் ஒரு கை நுரையைத் தடவினார். ‘உஸ்’ஸென்று உள்ளே போய்விட்டது.

“இங்கதான் சார் வாங்குது. டிரைவர் சீட்டு காலி. காலியா கெடந்தா காத்து பூரத்தான் செய்யும்.”

அடைத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

“தாராளமா. ஆளை வச்சும் அடைக்கலாம், மரக்கட்டை வச்சும் அடைக்கலாம். உங்க இஷ்டம்.”

வாசுகி கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “கட்டையே வச்சுடுங்க. காத்து வாங்கப் போலாமான்னு கேட்டா, கட்டை நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லாது.”

எனக்குப் பொறாமையாக இருந்தது. வண்டியின் மேலா, வாசுகியின் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கார் இல்லாததை ஒவ்வொரு சாயங்காலமும் கவனித்த எனக்கு, அவள் இல்லாதது ஒருநாளும் கண்ணில் படவில்லை. வெட்கமாகவும் இருந்தது. பக்கிரிசாமி கட்டைக்கு அளவெடுக்க டேப்பை உருவினார். அவர் அதை விரிப்பதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வேட்டியெல்லாம் நுரை. ‘உஸ்’ நின்றது. எஞ்சின் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. வாசுகி பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். பட்டாணி தீர்ந்து மாங்காய் மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் எஃப்.சி.க்குப் போனோம். ஆய்வாளர் என்னை இறங்கச் சொன்னார். இறங்கினேன், எஞ்சின் தடுமாறியது. ஏறச் சொன்னார். ஏறினேன், சரியானது. மறுபடி ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து, வாசுகியிடம் கேட்டார்:

“சார் அப்பப்ப கழட்டுற பார்ட்டாம்மா, இல்ல ஃபிக்ஸடா?”

பக்கிரிசாமி பதில் சொல்ல வாயெடுத்தார். ஆய்வாளர் கையமர்த்திவிட்டார். வாசுகி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வண்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஃபிக்ஸடுதான் சார்,” என்றாள் கடைசியில். “இப்பதான் மாட்டினது. போகப் போக செட்டாயிடும்.”

வண்டி தேறியது.

இப்போது தினமும் சேர்ந்துதான் போகிறோம். புறப்படும்போது வண்டி ஒரு ஹாரன் அடிக்கிறது. டிவி விவாதம் நானில்லாமலே நடந்துகொண்டிருக்கும். நேற்று பொட்டலத்தைப் பிரித்தபோது பின்னால் எங்கள் கேட் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். எங்கள் வீடு மணலில் மெல்ல நடந்து வந்து, காருக்குப் பக்கத்தில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. சாயங்காலத்தில் அதுவும் காலியாகத்தானே கிடக்கிறது. வாசற்கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வாசுகி சுண்டல்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

“இன்னொரு பொட்டலம் குடுங்க. காரம் கம்மியா போடுங்க, அது இப்பதான் மொத தடவ வருது.”