பெட்டிச் சுவர்

பின்னால் ஆளுக்கொரு கதை கட்டினார்கள் என்பதால், அன்று காலை மேஸ்திரி வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. மேஸ்திரியின் மகள், வயது அறுபத்திரண்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுடைய தம்பி, எலக்ட்ரீஷியன். தம்பியின் மனைவி. எதிர்வீட்டு டெய்லர். வெள்ளச் சேதம் பார்க்க வந்த பொறியாளர். அவருக்குச் சிவப்பும் பச்சையுமாகப் பெயின்ட் டப்பா தூக்கி வந்த நரைத்த மீசை உதவியாளர். ஆக ஆறு பேர். ஏழாவதாக யாராவது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம். மேஸ்திரி இல்லை. அவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது.

அந்த அறையில் உட்கார இடமில்லை. ஆற்றுத் தண்ணீர் நான்கு நாள் ஜன்னல் உயரத்துக்கு நின்றுவிட்டுப் போயிருந்தது. சேற்றை வழித்து வாசலில் கொட்டியாகிவிட்டது. நாற்காலிகள் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. மர அலமாரி ஊறிப் பெருத்து, கதவை மூடவிடாமல் அடம் பிடித்தது. நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில், அளவு நாடா வைத்து இழுத்ததுபோல ஒரு பழுப்புக் கோடு.

பொறியாளர் சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டினார். காது கொடுத்தார். இரண்டடி தள்ளித் தட்டினார். எங்கே தட்டினாலும் காலிப் பானையைத் தட்டிய சத்தம். உதவியாளரைத் திரும்பிப் பார்த்து, சிவப்பு என்றார்.

சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். பச்சை என்றால் வீடு நிற்கும். சிவப்பு என்றால் பத்து நாளில் இடிக்க இயந்திரம் வரும். வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு கிடைக்கும். இந்த வீட்டோடும் முடியாது. இதையும் சேர்த்து இந்தத் தெருவில் ஆறு வீடுகள் மேஸ்திரி கட்டியவை. ஒரே கை, ஒரே சத்தம், அதனால் இந்த வீட்டுக்கு என்ன குறியோ அதுதான் ஆறுக்கும் என்று பொறியாளர் வந்ததும் சொல்லிவிட்டார்.

"உள்ள பொக்கையா இருக்கும்மா. சாந்தெல்லாம் கரைஞ்சு போயிருக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"அது வெள்ளம் பண்ணின பொக்கை இல்ல, சார். எங்கப்பா பண்ணினது" என்றாள் மேஸ்திரி மகள்.

அவள் சொல்ல வந்தது வேறு. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. டெய்லருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. தண்ணீர் வடிந்த நாளிலிருந்தே சலூனில் ஒரு பேச்சு உலாவியது. மேஸ்திரி சுவரை உள்ளே காலியாக விட்டுக் கட்டி, மிச்சம் பிடித்த கல்லில்தான் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார் என்று. டெய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியென்றால் கேள்விப்பட்டது நிஜந்தானா அக்கா என்று, துக்கம் விசாரிப்பவர் குரலில் கேட்டார்.

"கல்லு எங்க போச்சுன்னு தெரியணுமா? உன் வீட்டு மதிலைப் போய்ப் பாரு. மிஞ்சின கல்லுலதான் உங்கப்பா அதைக் கட்டச் சொன்னார். எங்கப்பா கூலி வாங்காம கட்டிக் குடுத்தார்."

டெய்லர் ஜன்னல் வழியாகத் தன் வீட்டு மதிலை எட்டிப் பார்த்தார்.

அவள் பொறியாளர் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசையாக எழுப்பி, நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல் போட்டுக்கொண்டே போவது. மேஸ்திரி அதைப் பெட்டிச் சுவர் என்பார். கல் குறையும், வெயில் உள்ளே இறங்காது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் தெரிந்தே கட்டச் சொன்னார்கள். இந்த வீட்டுக்குக் கல் எடுத்துக் கொடுத்தவள் அவள். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

பொறியாளருக்கு அன்றைக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. அப்படியெல்லாம் கதை கேட்டால் வேலை நடக்காது, சத்தம் பொக்கை என்றால் சிவப்பு, அதுதான் விதி என்றார். தம்பியும் சலித்துப்போயிருந்தான். பதினைந்து நாள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து முதுகு ஒடிந்தவன். போட்டுவிடலாம் அக்கா, லிஃப்ட் வைத்த வீடு தருகிறார்கள் என்றான்.

"லிஃப்ட்டுக்குள்ளயா குடியிருக்கப் போற?"

உதவியாளர் தூரிகையைத் தோய்த்து எடுத்தார். அவள் இரண்டே எட்டில் போய், குறி விழவேண்டிய இடத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். தூரிகையிலிருந்து சிவப்பு சொட்டியது. உதவியாளர் பொறியாளரின் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுல எந்த இடத்தை வேணா காட்டுங்க, சார். உடைக்கிறோம். சாந்து உதிர்ந்தா நானே கையெழுத்துப் போடறேன். உதிரலேன்னா எங்கப்பா பேரு மேல பெயின்ட் அடிக்க உங்களுக்கு உரிமை இல்ல."

பொறியாளர் பெருமூச்சு விட்டு, வாசற்படிக்கு வலப்பக்கம், பழுப்புக் கோட்டுக்குக் கீழே கையைக் காட்டினார். தம்பி உளியும் சுத்தியலும் எடுத்து வந்தான். இரண்டே இரண்டு கல்லைப் பெயர்க்க அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வியர்த்து வழிந்தது. கரைந்துபோன சாந்துக்கு இவ்வளவு பிடிவாதம் ஏது என்று தம்பி மனைவி யாரையும் பார்க்காமல் கேட்டுவைத்தாள். இரண்டாவது கல் விடுபட்டதும் உள்ளேயிருந்து செம்பழுப்புத் தண்ணீர் கொட்டிப் பொறியாளரின் ஷூவை நனைத்தது.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கையை முழங்கைவரை விட்டுத் துழாவினார். சாவியால் சாந்தைக் கீறினார், சாவிதான் வளைந்தது. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிட்டார். சுவர் மயிரிழைகூடச் சாயவில்லை. நேரே சமையலறைக்குள் போய் அங்கே தட்டினார். அதே காலிப் பானைச் சத்தம்.

"இதையும் உடைக்கலாமா?"

மேஸ்திரி மகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தம்பி உளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும், தெரிந்தும் இத்தனை நாள் வாய் திறந்ததில்லை.

தம்பி மனைவி இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். வந்த அன்றே மேஸ்திரி மகள் அவளிடம், இந்த வீட்டில் ஒவ்வொரு கல்லும் எங்கப்பா கை பட்டது, ஒரு ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். தெருவிலும் அதையே சொல்லி வந்தாள். உண்மையில் மேஸ்திரி போன அடுத்த வருஷம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பின்பக்கத்து வெற்றிடத்தை நான்கு நாள் லீவுக்குள் சமையலறையாக வளைத்தவள் மேஸ்திரி மகள்தான். கிடைத்த ஆளை வைத்து, கிடைத்த கல்லை வைத்து. பெட்டிச் சுவர் மாதிரியே இருக்க வேண்டும் என்றாள். வேலைக்கு வந்தவர்களுக்கு அப்படிக் கட்டத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கல்லை நிறுத்தி, குறுக்குக்கல் இல்லாமல், நடுவே உடைசலைப் போட்டுப் பூசி மறைத்துவிட்டுப் போனார்கள்.

பேசாமல் இருந்தால் அந்த உடைசல் மேஸ்திரியின் தலையில் விடியும். ஆறு வீடும் போகும். பேசினால் பதினோரு வருஷத்து வார்த்தை போகும், அதுவும் டெய்லர் காதுபட, தம்பி மனைவி கண் எதிரே. மேஸ்திரி மகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உடைக்கவே வேணாம், சார். உள்ள வெறும் உடைசல். இது எங்கப்பா கட்டினது இல்ல. அவர் போனப்புறம் நான் கட்ட வெச்சது. அவர் கைன்னு நான்தான் ஊர் பூரா பொய் சொல்லிக்கிட்டிருந்தேன்."

தம்பி மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சதுக்கு எங்கிட்ட மூணு நாள் பேசாம இருந்தீங்களே, அண்ணி?"

"இன்னொரு ஆணி அடிச்சிருந்தா சுவரே வந்திருக்கும். அந்தப் பயந்தான்."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க அவள் பாடுபட்டதைப் பார்த்து மேஸ்திரி மகளின் முகமும் கொஞ்சம் இளகியது. பொறியாளர் மட்டும் விடவில்லை. உடைத்துத்தான் பார்ப்பேன் என்றார். சுத்தியலால் மூன்றே அடி. பூச்சோடு சேர்ந்து உடைசல் குவியலாகக் காலடியில் சரிந்தது. முன்னறைச் சுவரைத் திறந்து காட்டியதற்கு ஒன்றும் சொல்லாதவர், இதைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

மேஸ்திரி மகள் உதவியாளரின் கையிலிருந்து தூரிகையை வாங்கினாள். சமையலறைச் சுவரில், தன் தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில், தானே பெருக்கல் குறி போட்டாள். அப்பா ஒருபோதும் கோணல் கோடு பொறுக்காதவர் என்பதால் அதையும் நேராகவே போட்டாள்.

"இதுக்கு மட்டும் சிவப்பு. எங்கப்பா கட்டினதுக்குப் பச்சை."

யாரோ சொல்லிப் பச்சை அடிக்கிறவர் இல்லை பொறியாளர். மற்ற ஐந்து வீட்டையும் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தார். ஐந்திலும் விளிம்பில் நின்ற கல், குறுக்குக்கல், நான்கு விரல் இடைவெளி, அழுக்குத் தண்ணீர். டெய்லர் வீட்டில் தண்ணீரோடு ஒரு தவளையும் வந்தது. மத்தியானம் ஆறு வாசலிலும் பச்சைக் குறி விழுந்தது. தேங்கிய தண்ணீரை வடித்து, காயவிட்டு, பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

சமையலறைச் சுவரை அன்று சாயங்காலமே இடிக்கத் தொடங்கினார்கள். முதல் அடி தம்பி மனைவியுடையது. வேண்டுமென்றே ஓங்கி அடித்தாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. புதுச் சுவருக்கு எத்தனை விரல் இடைவெளி என்று மேஸ்திரி மகளிடம் கேட்டுக்கொண்டே தம்பி நூல் கட்டினான். லிஃப்ட் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

இப்போது சலூனில் வேறு பேச்சு. மேஸ்திரி மகள் பொறியாளர் காலில் விழுந்து கெஞ்சித்தான் பச்சைக் குறி வாங்கினாளாம். விழவில்லை. சுவரின் அடிவரிசையில் தண்ணீர் வடிய ஓட்டை போடக் குனிந்தாள். அவர் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நகரச் சொன்னாள். நகர்ந்தார்.