நிலோஃபர் சாட்சி சொன்னாள்

அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் தன் தம்பி சர்ஃபராஸைப் போலீஸ்காரர் கீழே தள்ளிக் கையை முறுக்கியதை, பர்மாவில் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் தன் அடுக்களையில் நின்றபடியே நிலோஃபர் பார்த்தாள். இருவரும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் போலீஸார் வீடு மாறி வந்து கதவைத் தட்டினார்கள். மேசையில் சாய்த்து வைத்திருந்த போன் எல்லாவற்றையும் காட்டியது.

தோள் முறிந்த சர்ஃபராஸ், ஊர்ப் போலீஸ்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் குடிமை உரிமை வழக்குத் தொடுத்தான். அவன் மிரட்டிக் கத்தினான் என்றது போலீஸ். பயத்தில் இங்கிலீஷ் வராமல் அவன் கத்தியது தமிழில். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டவள் நிலோஃபர் மட்டும்தான்.

அவன் வக்கீல் அவளைச் சாட்சிக்கு அழைத்தபோது கணவர் கபீர் தயங்கினார்.

"இந்த ராணுவ ஆட்சில இருந்துகிட்டு போலீஸ் பேச்சு எதுக்கு? வார்டு ஆபீஸ் காதுல விழுந்தா?"

"நம்ம ஊர் போலீஸப் பத்தி நான் ஒண்ணும் பேசலியே."

"அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

சில நாள் கழித்துத் தம்பி அழைத்தான். "லாத்தா, பயமா இருந்தா வேணாம். எனக்கு வருத்தமில்ல." பேசிக்கொண்டே இடக்கையால் தலை சீவினான். வலக்கை மேலே எழவில்லை. அக்கா அப்போதே சரி என்றாள்.

வழக்கு விசாரணைக்கு முன்பே வீடியோவில் அவள் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய ஏற்பாடானது. அங்கே மாலை, இங்கே விடிகாலை. கரண்ட் இல்லை. கபீரே பேட்டரியை மாட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போலீஸ் தரப்பு வக்கீல் மரியாதையாகவே கேட்டார்.

"உங்கள் தம்பி என்ன கத்தினார்?"

"'நான் ஒண்ணும் செய்யல, கை ஒடியுது, விடுங்க'ன்னான். கடைசில 'உம்மா'ன்னான்."

"அது யார்?"

"எங்க அம்மா. மௌத்தாகி ரொம்ப வருஷமாச்சு."

"தம்பிக்காகப் பொய் சொல்வீர்களா?"

நிலோஃபர் சாத்திய ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "இந்த ஊர்ல வாயத் திறக்காம இருக்கறதுதான் சார் எனக்கு நல்லது. பொய் சொல்றதுக்காகத் திறப்பேனா?"



நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கும் முன்பே ஊர் நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. மொழி புரியாதவரிடம் பேச, போனில் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்று போலீசுக்கு விதி வந்தது. கையை முறுக்கியவர் வேறோர் ஊர்ப் போலீசில் சேர்ந்துவிட்டார். போலீஸ் தலைவர் மட்டும் சர்ஃபராஸ் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்.

"மனசு ஆறிச்சா?" என்று கேட்டாள் நிலோஃபர்.

"கொஞ்சம். டீ போட்டுக் குடுத்தேன், லாத்தா."

"குடிச்சாரா?"

"முழுசாக் குடிச்சாரு. சீனி ஜாஸ்தின்னாரு."