லவெல் ப்ரூடோம் சான் டியேகோவுக்குப் போகாத கதை

கூடைப்பந்து லீகில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான டிரேட் கெடு அந்த வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு முடிவதாக இருந்தது. அன்று காலை லவெல் ப்ரூடோம் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். எங்கள் பஃபலோ அணியை விட்டு சான் டியேகோவுக்குப் போவது முடிந்துபோன விஷயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

"கணக்கு, எங்க கையெழுத்து போடணும்னு காட்டு. நான் கிளம்பறேன்."

என் பெயர் வாய்சிக். ஆட்டக்காரர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. அணியின் சம்பள வரம்பைக் கவனிப்பது என் வேலை என்பதால் எல்லோருக்கும் நான் கணக்கு.

"எதுக்குக் கையெழுத்து?"

"பை-அவுட். மார்லீன்கிட்ட ஓடெல் பேசிட்டான். பாதிப் பணத்தை விட்டுட்டு வெளிய வரேன், நாளைக்கே சான் டியேகோ. கோஜோ வீடுகூடப் பாத்துட்டான்."

மார்லீன் எங்கள் அணியின் பொது மேலாளர். ஓடெல் லவெலின் பெரியப்பா மகன். பெரிய ஏஜென்சி ஒன்றை லவெல் போன வருடம் விலக்கிவிட்டு ஓடெலை ஏஜென்ட் ஆக்கியிருந்தான். கோஜோ அமிசா கல்லூரி நாளிலிருந்து அவனுடைய தோழன், இப்போது சான் டியேகோவின் தூண்களில் ஒருவன். இந்த லீகில் காரியங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கும். இரண்டு ஆட்டக்காரர்கள் போனில் பேசி முடிவெடுத்துவிடுவார்கள். அது முடியுமா என்று எங்களைப் போன்றவர்கள் அப்புறம் பார்க்க வேண்டும்.

லவெலுக்கு முப்பத்தாறு வயது. இந்த வருடச் சம்பளம் நாற்பத்துநான்கு மில்லியன், ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம், இளைஞர்களை வைத்து அணியை மறுபடி கட்டிக்கொண்டிருந்தோம். லவெல் எல்லாம் பார்த்துவிட்டவன், கோப்பை ஒன்றைத் தவிர. முழங்கால் இன்னொரு வருடம் தாங்காது என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார், அவன் என்னிடம் சொல்லியிருந்தான். கோப்பைக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

இப்படிப்பட்ட ஒருவனை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டிரேட்: அவனை ஒப்பந்தத்தோடு இன்னொரு அணிக்குக் கொடுத்து, ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு ஆட்களை வாங்கிக்கொள்வது. பண்டமாற்று மாதிரிதான், ஆனால் எடை பார்ப்பது திறமையை அல்ல, சம்பளத்தை. மற்றது பை-அவுட்: அவன் தன் பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறான், நாங்கள் அவனை விடுவிக்கிறோம். பிறகு பிடித்த அணியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துகொள்கிறான். முன்பெல்லாம் வயதான நட்சத்திரங்கள் அந்த வழியாகத்தான் வரிசையாகப் பெரிய அணிகளுக்குப் போனார்கள். சின்ன அணிகள் கத்தின. அதனால் விதி மாறியது.

"லவெல், சான் டியேகோ, சம்பளத்துக்கு லீக் போட்ட முதல் கோட்டைத் தாண்டின அணி."

"அதனால என்ன?"

"அந்தக் கோட்டுக்கு மேல சம்பளம் குடுக்கற அணி, உன்னை மாதிரி பெரிய சம்பளத்துலேர்ந்து பை-அவுட் ஆன ஆளைச் சேக்க முடியாது. நீ சும்மா ஆடறேன்னு சொன்னாலும் முடியாது."

அவன் ஐஸ் பையை மெதுவாகச் சரிசெய்தான். பிறகு போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான். "ஓடெல், உனக்குக் கோடு பத்தித் தெரியுமாடா?"

"எந்தக் கோடு?"

"அப்பவே நெனச்சேன்."

"லவெல், எல்லாரும் அப்படித்தானே போனாங்க? உன் ரூம்மேட்டே அப்படித்தானே போனான்?"

"அவன் போனப்ப உனக்குத் தலையில முடி இருந்துதுடா."

ஓடெல் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேள்விப்பட்ட கதைகளிலிருந்து தொழில் கற்றவன். கதைகள் நடந்தவை, விதிதான் பழசாகிவிட்டது.

கையெழுத்துப் போட்டிருந்தால் பணமும் போயிருக்கும், சான் டியேகோவும் கிடைத்திருக்காது. மார்லீனைக் கூப்பிட்டேன். மதியத்துக்கு அவர் வாங்கிவைத்திருந்த கோழி விங்ஸ் டப்பாக்களையும் தூக்கிக்கொண்டே வந்தார்.

"அப்ப டிரேட் பண்ணுங்க. எனக்குச் சம்மதம், எழுதித் தரேன்," என்றான் லவெல். அவன் சம்மதம் இல்லாமல் அவனை எங்கும் அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

நான் பெரிய டப்பா ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். "இது நீ. சான் டியேகோ இதை எடுக்கணும்னா இதே அளவு, இல்ல இதைவிடப் பெரிய டப்பாவா குடுக்கணும்." சின்ன டப்பாக்கள் மூன்றை அடுக்கினேன். "சாதாரண அணின்னா இப்படி மூணு சின்னதைச் சேத்துக் குடுக்கலாம். ஆனா அவங்க அதுக்கு மேல இருக்கற ரெண்டாவது கோட்டையும் தாண்டிட்டாங்க. அவங்களுக்குச் சேத்துக் குடுக்கவே அனுமதி இல்ல. ஒரே ஆள், ஒரே டப்பா."

"சரி, அவங்ககிட்ட அந்த அளவுல யாரு இருக்கா?"

"ரெண்டு பேர். ஒருத்தன் அவங்க இருபத்துநாலு வயசுப் பையன். அவனைக் கேட்டா போனை வெச்சிடுவாங்க."

"இன்னொருத்தன்?"

நான் பதில் சொல்வதற்குள் மார்லீன் டப்பாவைத் திறந்து ஒரு விங்கை எடுத்தார். லவெல் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"கோஜோவா?"

"நாப்பத்தாறு. சரியாப் பொருந்தும்," என்றேன். பொருந்துகிற எண்ணைப் பார்த்தால் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அன்று அதைக் குரலில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

லவெல் சிரித்துவிட்டான். "என்னை வரச் சொன்னவனையே குடுத்துட்டு நான் போகணுமா? அவங்க குடுக்கவே மாட்டாங்க, விடு."

மார்லீன் கையைத் துடைத்துக்கொண்டார். "காலையில கேட்டாங்க லவெல்."

"யாரு?"

"சான் டியேகோ. அவங்களேதான் கேட்டாங்க. அவன் ஒப்பந்தத்துல இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு, அது அவங்களுக்கு பாரம். உன்னுது ஜூன்ல தீந்துடும். இந்த வருஷக் கோப்பையும் வேணும், அடுத்த வருஷம் கோட்டுக்குக் கீழயும் இறங்கணும். உன்னை எடுத்தா ரெண்டும் நடக்கும். கூட, புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கற டிராஃப்ட்ல அவங்க வாய்ப்பு ரெண்டை எங்களுக்குத் தராங்க. எங்களுக்கு நல்ல பேரம், மறைக்க மாட்டேன். நீ சரின்னா மூணு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு உன்னை மாதிரி மறுக்கிற உரிமை இல்ல. முடிஞ்சப்பறம் சொல்லுவாங்க."

ஐஸ் உருகி என் தரைவிரிப்பில் சொட்டியது. லவெல் என்னிடம்தான் கேட்டான். "நான் போனா ஜெயிப்போமா, கணக்கு?"

"வாய்ப்பு இருக்கு. உனக்கு வேற எங்கயும் அவ்வளவு இல்ல."

"நான் மாட்டேன்னா?"

"பை-அவுட்டுக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. கோட்டுக்குக் கீழ இருக்கறதுல நல்ல அணி லூயிவில். மூணாவது இடம். உன்னைச் சேத்துக்கலாம். கோப்பைக்கு... கஷ்டம்தான்."

அவன் போன் அதிர்ந்தது. கோஜோ. லவெல் அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒலிபெருக்கியில் எடுத்தான். மார்லீன் எழுந்து போகப் பார்த்தார். லவெல் கையசைத்து உட்காரச் சொன்னான்.

"டேய் கிழவா, கிளம்பிட்டியா? உனக்கு என் பக்கத்து லாக்கர் சொல்லிவெச்சிருக்கேன். நாறாம வா."

"வரலடா."

"என்னது?"

"பை-அவுட்ல உங்ககூடச் சேர முடியாதாம். புது விதி. ஓடெலுக்குத் தெரியல."

"அந்த மொட்டையனை நம்பினா அப்படித்தான். சரி, டிரேட் பண்ணச் சொல்லு. இங்க யாரையாவது தள்ளிவிடச் சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க."

மார்லீன் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன்.

"வேணாம்டா," என்றான் லவெல். "உங்ககிட்ட எனக்கு ஈடா குடுக்கற மாதிரி ஆளே இல்ல."

கோஜோ வெடித்துச் சிரித்தான். "திமிரு பாரு. முழங்கால் போயும் திமிரு போகல. சரி போ, ஃபைனல்ஸுக்கு உனக்கு டிக்கெட் எடுத்துத் தரேன். மேல்வரிசையில."

"கீழ்வரிசையில எடுடா, படி ஏற முடியாது."

போனை வைத்தபிறகு லவெல் முழங்கால் கட்டை அவிழ்த்து, உருகின பையை என் குப்பைத்தொட்டியில் போட்டான்.

"இதை அவன்கிட்ட யாரும் சொல்லக் கூடாது," என்றான் மார்லீனிடம்.

"எங்க வழியா போகாது. அவங்க ஜூன்ல மறுபடி முயற்சி பண்ணுவாங்க லவெல். அப்ப உன்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஜூன்ல பண்ணட்டும். அதுக்குள்ள அவன் ஒரு கோப்பை எடுத்திருப்பான்."

மார்லீன் தலையசைத்தார், நல்ல பேரம் ஒன்று கைநழுவியவரின் தலையசைப்பு. தாழ்வாரத்துக்குப் போய் சான் டியேகோவுக்கு போன் செய்தார். ஆட்டக்காரர் சம்மதிக்கவில்லை என்ற ஒரு வரி கேட்டது, காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை.

லவெல் பெரிய டப்பாவைத் தன் பக்கம் இழுத்து ஒரு விங்கைக் கடித்தான்.

"லூயிவில் எனக்கு எவ்வளவு தரும்?"

"குறைந்தபட்சச் சம்பளம்தான். மீதிப் பருவத்துக்கு ஒரு மில்லியன் சுமாருக்கு."

"அப்ப அங்க கிடைக்கற அந்த ஒரு மில்லியனை மட்டும் இங்க விட்டுத் தரேன். அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது. மார்லீன் பாதி கேப்பாங்க, நீ சிரிக்காம உக்காந்திரு."

அப்படித்தான் நடந்தது. அவர் பாதி கேட்டார், நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் ஒரு மில்லியனில் முடிந்தது. மூன்று மணி தாண்டியிருந்தது. லூயிவில் சான் டியேகோவை எந்தச் சுற்றில் சந்திக்க வேண்டியிருக்கும் என்று லவெல் என்னிடம் கேட்டான். அட்டவணையை எடுத்து அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன்.