ஜடைக்கும் இடம் விட்ட பெட்டி

கிடார்களுக்குப் பெட்டி செய்து பிழைத்த பெட்டிக்காரியின் கைகள் அவளைக் கேட்காமல் செய்த முதல் பெட்டி ஐந்து முனை நட்சத்திரமாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை எதிர்க்கடை லாண்டரிக்காரரோடு ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே வேலை செய்தவள், பேச்சு முடிந்து குனிந்து பார்த்தால் மேஜைமேல் அது கிடக்கிறது. ஒட்டுப்பலகை வளைத்து, கறுப்பு ரெக்சின் போர்த்தி, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, கொக்கி வரைக்கும் முடிந்திருந்தது. அப்படி ஒரு கிடாரை அவள் கண்ணால் பார்த்ததும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. பதினோராம் நாள் இசைக்கருவிக் கடைக்காரர் ஒரு நட்சத்திர கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தச் சனியனுக்கு ஒரு பெட்டி வேண்டுமே என்றார். பெட்டிக்காரி அதை வாங்கி அந்த நட்சத்திரப் பெட்டிக்குள் வைத்தாள். மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கடைக்காரர் இரண்டு நாள் யோசித்தார், பிறகு பழகிவிட்டார். அந்த ஆண்டில் ஏழு பெட்டிகள் முதலில் வந்தன, ஏழு கிடார்கள் பின்னால் வந்து சேர்ந்தன.

ஏழு கிடாரையும் செய்தவர் ஒரே ஆள். கோணலார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. மின்சார கிடாரின் சத்தம் கம்பியிலும் அதன் அடியில் உள்ள காந்தத்திலும் இருக்கிறது, வயிற்றுக்குள் காற்றே வேண்டாத வாத்தியத்துக்கு எதற்கு இடுப்பு என்பது அவர் கட்சி. மின்னல் மாதிரி வெட்டுவார், வௌவால் மாதிரி வெட்டுவார். பெட்டிக்காரிக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. இடுப்பு சத்தத்துக்கு இல்லை, தொடைக்கு என்பாள். நட்சத்திரத்தின் முனை விலாவில் குத்தும், வௌவாலை மடியில் வைத்துக் கையை விட்டால் தலை தரையைப் பார்த்துச் சாயும். மடியில் உட்காராதது கிடாரே இல்லை. இதை அவள் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, கோணலாரின் புதுக் கிடாரைக் காட்டி, "இது கிடாரா, இல்ல உடைஞ்ச நாற்காலியா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அவர் அவளிடம் பேச்சை நிறுத்தினார், அவளும் நிறுத்தினாள். நாலு வருஷம் கடைக்காரர்தான் நடுவில் கிடாரும் பெட்டியுமாக நடந்தார்.

அந்த நாலாம் வருஷம் நீளமாக, ஒருக்களித்த மாதிரி ஒரு பெட்டி வந்தது. ஒரு பக்கம் நாலு பிளவு, ஒரு முனையில் வாய்க்கால் போல நேராக ஒரு பள்ளம். இதற்கான கிடார் எங்கே என்று கடைக்காரர் கோணலாரிடம் கேட்கட்டுமா என்றார். அந்த ஆளிடம் எதையும் கேட்க வேண்டாம், வரும்போது வரட்டும் என்று பெட்டிக்காரி முறுக்கிக்கொண்டாள். கிடார் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை லாண்டரிக்காரரின் நாய், அதுவரை நன்றாக ஓடித் திரிந்த நாய், வாசலில் ஒருக்களித்துச் செத்துக் கிடந்தது. லாண்டரிக்காரர் அழுதபடி ஏதாவது பெட்டி இருந்தால் கொடும்மா என்று வந்து நின்றார். நாலு காலும் நாலு பிளவில் இறங்கின, வால் பள்ளத்தில் நேராகப் படுத்தது. பெட்டிக்காரி தன் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் யார் அவளிடம் பெட்டி வாங்குவார்கள்?

எட்டு மாதம் கைகள் ஒழுங்காக இருந்தன. ஒன்பதாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, கணவர் கப்பலிலிருந்து போனில் பேச, அவள் ம் கொட்டிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் இன்னொரு பெட்டி முடிந்திருந்தது. உருண்டையாக, ஒரு பக்கம் மடங்கி, மேலே நீண்ட பள்ளத்தோடு. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், ஒன்பது வயது, பையைக்கூடக் கழற்றி வைக்காமல் ஓடி வந்து பார்த்தாள். பிறகு பையைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்தாள். முழங்காலுக்கு இடம் இருந்தது, முகவாய்க்கு இடம் இருந்தது. ஜடையைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா, இது எனக்கே எனக்கா?" என்றாள்.

பெட்டிக்காரி அவளை இழுத்துத் தூக்கிய வேகத்தில் பிள்ளையின் தோளில் நகம் பதிந்துவிட்டது. மறுநாள் சுத்தியலை எடுத்து அந்தப் பெட்டியை நொறுக்கினாள். நொறுக்கிய அதே கைகள் மதியத்துக்குள் புதிதாக ஒன்றைச் செய்து வைத்தன. புதன்கிழமை பெட்டியை ஒரு கையிலும் மகளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கோணலாரின் பட்டறைக்குப் போய் நின்றாள்.

அவர் உளியை வைக்காமலே கேட்டார். "உடைஞ்ச நாற்காலி செய்யறவன்கிட்ட என்னம்மா வேலை?"

"தப்புதாண்ணே. என் வாயை வேணா தைச்சுக்கறேன். இதுக்கு ஒரு கிடார் செஞ்சு கொடுங்க. பத்தொன்பது நாளுக்குள்ள வேணும், அதுல ரெண்டு நாள் போயிடுச்சு."

நாயின் கதையைச் சொன்னாள், மகள் படுத்த கதையைச் சொன்னாள். கோணலார் பெட்டியைத் திறந்து பள்ளத்தில் விரலை ஓட்டினார். இது ஜடை இல்லை, கிடாரின் கழுத்து என்றார். கழுத்துக்கு இடம் விட்ட பெட்டி கிடாரைத்தான் கேட்கிறது, கிடார் செய்து தர ஆள் இல்லாவிட்டால் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது. "அந்த நாய்ப் பெட்டியையும் அன்னைக்கே கொண்டாந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனால் அவளுக்கு மீதி கேட்டுவிட்டது. ஒரு வீம்புக்காக அந்த வாயில்லா ஜீவனைக் கொன்றோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பெட்டியின் குழியைப் பார்த்து வெட்டினால் போதும் என்றுதான் கோணலார் நினைத்தார். இரண்டு கட்டை வீணாயின. வெட்டும்போது சரியாக இருப்பது உள்ளே வைத்தால் எங்கேயோ இடித்தது. அதற்குள் பத்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள் சுருண்டு படுத்தவளை நிமிர்த்த முடியவில்லை. டாக்டர் மூன்று ஊசி போட்டார், காலை நீட்டிப் பார்த்தார், இப்படி ஒரு காய்ச்சலைத் தான் பார்த்ததில்லை என்று நேர்மையாகச் சொன்னார். பெட்டிக்காரி மகளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். மடியில் சுருண்டு கிடந்த பிள்ளையைக் கோணலார் வெகுநேரம் பார்த்தார். "அப்படியே வெச்சுக்கம்மா, அசையாத" என்று சொல்லி மூன்றாவது கட்டையை எடுத்தார். அவர் வாழ்க்கையில் மடியைப் பார்த்து வெட்டிய முதல் கிடார் அதுதான். பாலிஷ் காய இருபது நாள் ஆகும் என்பதால் பச்சைக் கட்டையாகவே விட்டார். காந்தம் பதித்து, ஆறு கம்பியும் மாட்டிப் பதினெட்டாம் நாள் மதியம் பெட்டியில் வைத்தபோது முழங்கால் பக்கம் ஒரு நகக்கண் அளவு இடித்தது. பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இழைத்தார், ஊதினார், வைத்தார். இடித்தது. மறுபடி இழைத்தார். பெட்டிக்காரி கடவுளைக் கூப்பிடவில்லை, "அண்ணே, அண்ணே" என்று அவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை மூடி இறங்கிக் கொக்கி விழுந்தது. மகள் காலை நீட்டினாள், தண்ணீர் கேட்டாள்.

அந்தக் கிடாரைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. பலாக்கொட்டை என்றார் ஒருவர், கைப்பிடி வைத்த தலையணை என்றார் கடைக்காரர். மடியில் உட்காருகிறதா இல்லையா, அது போதும் என்பாள் பெட்டிக்காரி. நன்றாகவே உட்கார்ந்தது. மகளோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் பெட்டி இறுக்கும். அவள் வெல்வெட்டைப் பிரித்து ஒரு விரல் தளர்த்துவாள், கையோடு கிடாரை அளந்து மகளுக்குச் சீருடையும் தைத்துவிடுவாள். டேப்பைப் பிடித்தால் பிள்ளை நெளிவாள், கிடார் நெளியாது. மகளுக்குப் பதினேழு வயதானபோது வளர்ச்சி நின்றது. அதன்பின் எட்டு வருஷம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மகளுக்குக் கல்யாணமாகி, அவள் நாலு தெரு தள்ளிக் குடிபோனபோதும் கிடார் அம்மாவிடமே இருந்தது. அந்தப் பயம் மட்டும் அம்மாவுக்குப் போகவில்லை. தினமும் ஒரு தடவை கொக்கியைத் தொட்டுப் பார்க்காமல் அவள் வேலைக்கு உட்கார மாட்டாள்.

போன மாதம் தொட்டபோது கொக்கி சரியாக விழவில்லை. திறந்து பார்த்தாள். தோள் சரியாக இருந்தது, முழங்கால் சரியாக இருந்தது, வயிற்றுப் பக்கம் இறுக்கியது. மகள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. பெட்டிக்காரி அங்கே ஒரு விரல் தளர்த்தித் தைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கோணலாரின் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, பேரப்பிள்ளைக்குச் சின்னதா ஒண்ணு. பெட்டி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னைக்கே கட்டையை எடுங்க."

என்ன வடிவம் என்று அவர் கேட்கவில்லை. அவளை உட்காரச் சொல்லி, அவள் மடியைப் பார்த்து அளவெடுத்தார்.