மேலிடத்து உத்தரவு

திருஞானசம்பந்தம் ஜீப்பிலிருந்து இறங்கினால் எழுந்து நிற்காத வாத்தியார் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கிடையாது. அவர் மாவட்டக் கல்வி அதிகாரி. உயர்நிலைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தருவது, ஆசிரியர்களை இங்கிருந்து அங்கே தூக்கிப் போடுவது, வருஷத்துக்கு ஒரு முறை வந்து கரும்பலகையிலிருந்து கழிப்பறை வரை பார்த்துக் குறை எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஆறாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் மேல் பொறாமை வந்துவிட்டது. அக்கறை, கண்டிப்பு, நிர்வாகக் கவலை என்று அவரும் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்துப் பார்த்தார். பொறாமைதான்.

கும்பகோணத்தில் பிறந்த ஒரே மகளுக்கு ஏலவார்குழலி என்று காஞ்சிபுரத்து அம்மன் பெயரை வைத்திருந்தார். அந்த ஊருக்கே மாற்றல் வந்தபோது நல்ல சகுனம் என்று மனைவி கிருஷ்ணவேணியிடம் சொன்னார். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு பார்த்து, மகளைப் பக்கத்திலிருந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். அதிகாரி மகளே அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்று ஊர் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. ஊரும் பேசியது.

ஆடி பிறப்பதற்குள் பெண் மாறிவிட்டாள். எதை எடுத்தாலும் "மேரி டீச்சர் சொன்னாங்க" என்றுதான் ஆரம்பித்தாள். மேரி டீச்சர் சொன்னதால் நகம் வெட்டினாள், சொன்னதால் கீரை சாப்பிட்டாள். "இன்னாப்பா" என்றும் "இன்னொரு தபா" என்றும் பேசத் தொடங்கினாள். அது என்ன பேச்சு என்று அவர் கண்டித்தபோது கிருஷ்ணவேணி சிரித்தாள். பெண் ஊரோடு ஒத்துப் போகிறாள், நீங்கள்தான் இன்னும் கும்பகோணத்திலேயே இருக்கிறீர்கள் என்றாள்.

வாசலில் அவர் கையாலேயே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கனகாம்பரம் இருந்தது. தினமும் காலையில் அது மொட்டையாக நிற்கும். பூஜைக்குப் பறிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். அத்தனையும் மேரி டீச்சர் கொண்டைக்குப் போகிறது என்று ஒரு நாள் தெரிந்தது. அன்று காபி கசப்பாக இருக்கிறது என்று கத்தினார்.

அவரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார்தான். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரே பதவி உயர்வு வாங்கிக் கொடுத்து அவரை வகுப்பிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது. ஒரு சாயங்காலம் ஆசையோடு மகளை உட்கார வைத்து, பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கச் சொல்லிக் கொடுத்தார். குழலி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இப்டி இல்லப்பா. மேரி டீச்சர் போடுறது வேற மாரி இருக்குது. நான் நாளைக்கு அவங்களையே கேட்டுக்கிறேன்."

புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வழியும் சரியான வழிதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது? மாவட்டமே தன் பேச்சைக் கேட்கிறது, பெற்ற பெண் கேட்கவில்லை. 

மேரியை அவர் ஒழுங்காகப் பார்த்தது ஜீப்பிலிருந்துதான். வாலாஜாபாத் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து டீச்சராக வந்தவள். கணவன் அச்சாபீசில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலை தறிச் சத்தம் கேட்கும் தெருவில் அவள் நடந்து வர, ஒரு பெண் அவள் குடையையும் இன்னொரு பெண் அவள் சாப்பாட்டுப் பையையும் தூக்கி வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் குழலி. ஜீப் பக்கத்தில் வந்து ஒதுங்கிப் போனதைக்கூட அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே அந்தப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனார். முன்கூட்டிச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் ராஜகோபால் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். முகூர்த்த மாதத்தில் தறிக்குத் துணையாகப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்றும், மேரி டீச்சர் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அழுது அடம்பிடித்தாவது வந்துவிடுகிறார்கள் என்றும் பெருமையாகச் சொன்னார். யாரைப் புகழக் கூடாதோ அவளையே புகழ்கிறோம் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்.

ஆறாம் வகுப்புக்குள் போய்ச் சாக்பீசைக் கையில் வாங்கினார். மேரி சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். முக்காலில் பாதி எவ்வளவு என்று கேட்டார். வகுப்பு மூச்சு விடவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். அதிகாரி சிரித்தால் பயம் இன்னும் கூடும் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது. கடைசியில் மகளைப் பெயர் சொல்லி எழுப்பினார்.

குழலிக்கு விடை தெரியும். உதட்டிலேயே தெரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்குமுன் மேரி டீச்சர் முகத்தைப் பார்த்தாள். மேரி லேசாகத் தலையசைத்தாள். அதன் பிறகுதான் "எட்டுல மூணு, சார்" என்று பதில் வந்தது.

சார் என்றதுகூட அவருக்குப் பெரிதில்லை. தான் கேட்ட கேள்விக்குத் தன் பெண் பதில் சொல்ல இன்னொருத்தி உத்தரவு கொடுத்ததுதான் குத்தியது. ஆய்வுக் குறிப்பில் ஒரு குறையும் எழுதாமல் ஜீப்பில் ஏறினார்.

உத்தரமேரூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லை என்று ஊரார் கொடுத்த மனு மேஜையில் நெடுநாளாகக் கிடந்தது. இத்தனை நாள் கண்ணில் படாதது அன்று பட்டது. மேரியை அங்கே மாற்றி உத்தரவு தயார் செய்யச் சொன்னார். அலுவலக மேனேஜர் குப்புசாமி தயங்கினார். நடு வருஷம், இங்கே பதிலுக்கு ஆள் இல்லை, அதுவும் நம் பாப்பா படிக்கிற வகுப்பு என்று இழுத்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று திருஞானசம்பந்தம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.

மேரி ஆபீசுக்கு வந்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டிய ஊர் அது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அரைப் பரீட்சை வரிக்கும் இருந்துட்டுப் போறேன் சார். பசங்க பாதிப் பாடத்துல நிக்கிறாங்க."

உடனே விடுவிக்க வேண்டும் என்பது உத்தரவு என்றார் அவர், உத்தரவை வேறு யாரோ போட்டதுபோல. மேரி சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவருக்குக் கொஞ்சம் வந்தது. பெண் நாலு நாள் அழுவாள், பிறகு சந்தேகம் கேட்க அப்பாவிடம்தானே வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

குழலி அழுதாள். சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புத் தோழிகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். எல்லோரும் எண்ணெய் வைத்துத் தலை பின்னி, நல்ல பாவாடை கட்டியிருந்தார்கள். மனு கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"சார், எங்க மேரி டீச்சர யாரோ மாத்திட்டாங்க. எங்களுக்குக் கணக்கு எடுக்க ஆளே இல்ல. நீங்கதான் திரும்பக் கூப்டுக்கணும்" என்றாள் குழலி.

அவள் கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. எத்தனை மாதமாக அதற்கு ஏங்கினார்! செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மேரி திரும்பி வருவாள், கனகாம்பரம் மறுபடி மொட்டையாகும். உத்தரவைப் போட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்ளவோ நாக்கு எழவில்லை.

"மேலிடத்து உத்தரவும்மா. என் கையில ஒண்ணும் இல்ல."

தறிக்கார வீரபத்திரன் மகள் கங்கா குழலியின் கையை இடித்தாள்.

"உங்கப்பாதான் பெரிய ஆபீசர்னு சொல்லிக்கினு இருந்தியே?"

குழலிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அப்பாவால் முடியாதாம், போகலாம் வாருங்கள் என்று தோழிகளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். கோபமாக வருகிறாள் என்று நினைத்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கைமேல் கையை வைத்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவளாக வந்து அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"பரவால்லப்பா. நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்."

திருஞானசம்பந்தம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க எல்லாரும் சேந்து அந்த மேலிடத்துக்காருக்குக் கடுதாசி எழுதப் போறோம்ப்பா. அவுரு பேரு இன்னா?"

 அடுப்படி வாசலில் கிருஷ்ணவேணி வந்து நின்றிருந்தாள். மேரியின் மாற்றல் செய்தி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவரைக் கேலி செய்வதையே விட்டிருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "பேரைத்தானே கேக்குறா."