பார்க்கிங் வரை ஒரு பொன்னாடை

என் மகள் மஹதிக்கு ஆடத் தெரியாது. பாடினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். கதை, கவிதை என்று ஒரு வரி எழுதியவள் இல்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, தன்னை ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள்.

"சினிமாவா?" என்றாள் என் மனைவி சகுந்தலா. முகமெல்லாம் பல்.

"இல்லம்மா. கோகாபேட்ல ஒரு பில்டர் கலை மையம் கட்டியிருக்கார். டிராமா, டான்ஸ், பாட்டு எல்லாம் நடக்கும். அதுக்குத் தலைமை."

"அங்க நீ என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"எது மேடைக்கு வரணும், எது வரக் கூடாதுன்னு முடிவு பண்ணுவேன்."

"வர்றவனை வேணாம்னு சொல்றதுக்கா சம்பளம்?"

"ஹவ் நைனா, ஆமாம். முக்கியமா அதுக்குத்தான்."

வேண்டாம் என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த லாலாகுடா ரயில்வே பணிமனையில் லீவு கேட்கப் போகும் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் யாரும் அதைக் கலை என்று சொன்னதில்லை.

பெயர் வைத்தது சகுந்தலா. மஹதி என்பது நாரதர் கையில் இருக்கும் வீணையாம். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேங்கு வேலையை விட்டுவிட்டு, நாடகக்காரர்களுக்கு லைட் பிடித்தாள். யாரோ நடத்தும் விழாவுக்கு நாற்காலி போட்டாள். எல்லா இடத்திலும் உதவி, துணை, இணை என்றுதான் அவள் பெயர் கடைசியில் வரும். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. முதல் தடவையாக ஒருவர் அவளைத் தலைமைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"இதுவும் கிடைக்கலைன்னா விட்டுடுவேன் நைனா," என்றாள். "ஈவென்ட் கம்பெனில கூப்பிடறாங்க. கல்யாண சங்கீத்துக்குப் புகை போட்டுக்கிட்டு, சிவப்பு லைட் அடிச்சுக்கிட்டு இருந்துக்கறேன்."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. புகையில் என்ன தப்பு, மாதம் பிறந்தால் சம்பளம் வருமே என்று வாய் வரைக்கும் வந்தது.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர். இவள் ஒருத்தி, தில்லியில் போய் நாடகம் படித்துவிட்டு வந்த ஆதர்ஷ் என்று ஒரு பையன். நாடகம் படிக்கவும் தில்லிக்குப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்திக் காட்ட வேண்டும். தொழில்முறை ஆட்கள் கூடாது, ஊர் ஜனத்தை வைத்தே செய்ய வேண்டும். அந்த பில்டர் மாதவராவ் நேரில் வந்து பார்ப்பார்.

"எல்லாம் முடிவாயிருக்கும்," என்றேன். "தில்லிக்காரனுக்கு எப்பவோ குடுத்தாச்சு. உன்னைக் கூப்பிட்டது ரெண்டு பேர்னு காட்டறதுக்கு."

"உங்களுக்கு யார் மேலதான் நம்பிக்கை இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஹைதராபாத்தில் வேறு ஜனமே இல்லாததுபோல எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவைத்தான் அவள் பிடித்தாள். அந்த விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை. பிறகு பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போடுவார், செயலாளருக்குத் தலைவர் போடுவார், இருவருக்கும் பொருளாளர் போடுவார். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அவருக்கு இருவரும் சேர்ந்து போடுவார்கள். கூடத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் மேடைக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு வருவார்கள். இந்த வருஷம் எனக்குப் போட்டது அடுத்த வருஷம் வேறு ஒருவர் தோளில் வரும். மடிப்பு மட்டும் மாறாது. ஜரிகை கொஞ்சம் கொட்டியிருக்கும்.

கமிட்டிக் கூட்டத்துக்கு மஹதி வந்தாள். செயலாளர் நடேசன் ரயில்வேயில் டிக்கெட் கிழித்து ரிட்டயர் ஆனவர். இப்போது பொன்னாடைப் பை அவர் பொறுப்பு.

"அங்கிள், போன வருஷம் பொன்னாடைக்கு எவ்வளவு நேரம் போச்சு?" என்றாள்.

"அது போகும்மா. எல்லாருக்கும் மரியாதை பண்ணணுமே."

"நாடகம் எவ்வளவு நேரம்?"

"எங்க? நேரம் ஆயிடுச்சுன்னு நாடகத்தை விட்டுட்டோம். மேக்கப் போட்டவங்க அப்படியே சாப்பிட உக்காந்துட்டாங்க."

"இந்தத் தடவை மேடையில பொன்னாடை நக்கோ. பந்தியில போட்டுக்குங்க."

நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம். எங்கள் வீட்டில் அவள் பேசிய முதல் சொல்லே அதுதான் என்று சகுந்தலா சொல்வாள்.

நடேசன் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "பந்தியிலயா? சாம்பார் சிந்தாதா?"

"சிந்தினா துவைங்க அங்கிள். துவைச்சே பல வருஷம் ஆச்சு."

பெரிய சண்டையாகியிருக்கும். ஆனால் லைட், மைக் எல்லாம் தன் நண்பர்களிடமிருந்து ஓசியில் கொண்டு வருவதாக அவள் சொன்னாள். உடனே கமிட்டிக்குக் கலை உணர்வு வந்துவிட்டது.

இந்த வருஷம் மூத்த உறுப்பினர் என்று எனக்குப் பொன்னாடை போடுவதாக இருந்தது. வெளியே வந்ததும் மஹதி என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் கிடையாது நைனா. தெரியுமில்ல?"

"எவன் கேட்டான்?" என்றேன். வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போயிருந்தது. அது வேறு விஷயம்.

ஒத்திகையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்த ஊருக்கு வந்த புதிதில் பாஷை தெரியாமல் பட்ட பாட்டைச் சொல்லச் சொன்னாள். நானும் எழுந்து சொன்னேன். குவார்ட்டர்ஸ் கிடைக்காத விஷயம், அதற்குக் காரணமான ஆள், அவனுடைய மச்சான் எல்லோரையும் பெயர் சொல்லியே சொன்னேன்.

"போதும் நைனா. இது கதை இல்ல, புகார். உக்காருங்க."

மூத்த உறுப்பினர் என்றும் பார்க்கவில்லை, பெற்றவன் என்றும் பார்க்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் அவளுக்கு நல்ல புத்தி சொல்லலாம் என்று பார்த்தேன். "அந்த மாதவராவை மேடைக்குக் கூப்பிடு. நல்ல பொன்னாடையா புதுசு ஒண்ணு வாங்கிப் போடு. ஒரு மாலை. ரெண்டு வார்த்தை புகழ்ந்து பேசு. வேலை உன்னுது."

"அது மட்டும் நக்கோ நைனா. அவரைப் பார்த்து ஒரு கும்பிடு கூட அதிகமா போடக் கூடாது. மேடையை ஆசாமிக்குத் தகுந்த மாதிரி வளைக்கிறவளான்னு பார்க்கத்தான் அவர் வர்றார். நீங்க எதுவும் செய்ய மாட்டீங்கதானே?"

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தம் என நான் எங்கேயும் சொன்னதில்லை.

விழாவைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தெருக் கமலாவுக்கு வந்த புதிதில் நக்கோ என்கிற ஒரு சொல்தான் தெரியும். பணிமனையில் வேலை பார்த்த ஆண்டனிக்கு ஹவ், அதாவது ஆமாம், அது ஒன்றுதான் தெரியும். இருவரும் அந்தக் கதையை ஆயுசு முழுக்கத் தனித்தனியாகச் சொல்லி எங்கள் பிராணனை வாங்கியிருக்கிறார்கள். மஹதி செய்ததெல்லாம் ஒன்றுதான். மேடையின் அந்தக் கோடியில் கமலா, இந்தக் கோடியில் ஆண்டனி, நடுவில் அல்வாலிலிருந்து வந்த கல்யாண மர்ஃபா மேளக்காரர்கள்.

கமலா பால்காரனிடம் நக்கோ என்பாள். தண்ணீர்க்காரனிடம் நக்கோ என்பாள். தீபாவளி இனாம் கொடுக்க வந்தவரிடமும் நக்கோ. மேளம் ஒரு அடி. அந்தப் பக்கம் ஆண்டனியைப் போர்மன் கேட்பார், நீயா மிஷினை உடைத்தது? ஹவ். வேண்டுமென்றே உடைத்தாயா? ஹவ். மேளம் இரண்டு அடி. போகப் போக இவள் நக்கோவுக்கும் அவர் ஹவ்வுக்கும் நடுவே மேளம் ஓட ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு கிழங்களும் ஒன்றை ஒன்று பார்த்து ஆளுக்கொரு சொல்லால் சண்டை போட்டன. தமிழே தெரியாத பேரப்பிள்ளைகள்கூட நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

நானும் சிரித்துவிட்டேன். சகுந்தலா திரும்பிப் பார்த்தாள். இருமல் என்றேன்.

மாதவராவ் முன்வரிசைக்கு வரவில்லை. கடைசி வரிசையில், சாதாரணச் சட்டையோடு, காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவும் இல்லை, கை தட்டவும் இல்லை. முடிந்ததும் யாரிடமும் பேசாமல் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெரிய மனிதன் ஒரு விழாவுக்கு வந்து, யாரும் மேடைக்குக் கூப்பிடாமல், தோளில் ஒன்றும் விழாமல் வெறுங்கையோடு வெளியே போகிறான். வேலையும் அவனோடு போகிறது. பின்னால் மஹதி மேளக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கொள்கைக்காரி.

"நடேசா, பையைத் தூக்கிக்கிட்டு வா," என்றேன்.

அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அன்று முழுவதும் யாருக்கும் போர்த்தாமல் அவர் கை அரித்துக்கொண்டிருந்தது. பார்க்கிங்கில் கார்க் கதவில் கை வைத்த மாதவராவின் தோளில், இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே புகுந்துபோய், அரக்குக் கலர் பொன்னாடையைப் போர்த்தினேன். நடேசன் போனில் மூன்று போட்டோ எடுத்தார். ஒன்றில் அவருடைய விரல் மட்டும் விழுந்தது.

"நீங்கள் யார்?" என்று தெலுங்கில் கேட்டார் மாதவராவ்.

"மஹதியோட அப்பா," என்றேன்.

"உங்கள் மகள் அனுப்பினாரா?"

நான் சிரித்தேன். இந்த மாதிரி இடத்தில் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. என் அனுபவம் அது. அவர் பொன்னாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். பொன்னாடை நுனி வெளியே தொங்கிக்கொண்டே போனது.

நடேசன் படத்தைச் சங்கத்து வாட்ஸாப்பில் உடனே போட்டுவிட்டார். மஹதி வீட்டுக்கு வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"மரியாதை."

"கைக்கு நைனா? கைக்கு?" ஏன், ஏன் என்று கேட்கிறாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்தாள். சகுந்தலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல முடியாது.

மறுநாள் மாதவராவே போன் செய்தார். மஹதி ஸ்பீக்கரில் போட்டாள். நான் செய்ததை நானே கேட்கட்டும் என்றுதான்.

"ஆதர்ஷ் தன் நிகழ்ச்சியில் என்னை மேடைக்கு ஏற்றி ஆளுயர மாலை போட்டார்," என்றது போன். "அதோடு அவர் விஷயம் முடிந்தது. உங்கள் கூடத்தை விட்டு வெளியே வரும்போது, நீங்கள்தான் என்று முடிவு செய்திருந்தேன். பிறகு உங்கள் அப்பா வந்தார். நீங்கள் அனுப்பினீர்களா?"

"இல்லை சார். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்."

"அதுதான் பிரச்சினை. எனக்கு ஐந்து மச்சான்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெண் நாட்டியம் கற்றுக்கொள்கிறாள். சொந்த அப்பாவையே நிறுத்த முடியாதவர், என் மச்சான்களை எப்படி நிறுத்துவீர்கள்?"

போச்சு என்று நினைத்தேன். என்னால் போச்சு என்று நினைக்கவில்லை. பொதுவாகப் போச்சு.

மஹதி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நிறுத்தினேன் சார். இந்த வருஷம் அவருக்கே மேடையில் பொன்னாடை போடுவதாக இருந்தது, எடுத்துவிட்டேன். பேச வந்தார், பாதியில் உட்கார வைத்தேன். அவரால் முடிந்தது பார்க்கிங் வரைதான். மேடை என் பொறுப்பு. பார்க்கிங்குக்கு நீங்கள் தனியாக ஆள் போட வேண்டும்."

போனில் ஒரு சிரிப்பு வந்தது. நிகழ்ச்சி முழுக்கச் சிரிக்காத மனிதன், என்னைச் சொன்னதும் சிரிக்கிறான். வேலை கொடுத்தான்.

பொன்னாடையை டிரைவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். கார் கதவில் மாட்டிய நுனியில் கிரீஸ். நடேசன் அதை உள்பக்கமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பொன்னாடையால்தான் வேலை கிடைத்தது என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் அவர் போன் செய்திருக்க மாட்டார், இவளும் அப்படிப் பேசியிருக்க மாட்டாள். சகுந்தலா ஒப்புக்கொள்வதில்லை. நடேசன் தன் பேத்திக்கு அங்கே ஒரு நடன நிகழ்ச்சி கேட்டுப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மையத்தின் திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாள். இடம் கடைசி வரிசை. வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பையுமாகப் போய் இறங்கினேன். வாசலில் சலவைக் கல்லும் கண்ணாடியுமாக இருந்தது. காவலாளி பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை. தெலுங்கில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி.

கோகாபேட்டில் தமிழ்ப் பலகை யாருக்கு? அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனித் தமிழர்களுக்கு இங்கிலீஷ் போதும். நான் படித்தது ஐந்தாவது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: மாலை, பூங்கொத்து, பொன்னாடை உள்ளே கொண்டுவரக் கூடாது.

"பையைக் காட்டுங்க பெத்தாயனா," என்றான் காவலாளி. பெரியவரே என்று மரியாதையாகத்தான்.

காட்டினேன். உள்ளே இருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டான். போகும்போது பார்க்கிங்கில் வாங்கிக்கொள்ளச் சொன்னான். மேடம் அப்படித்தான் சொல்லச் சொன்னார்களாம்.